ஏலக்காய் மூட்டை போன ஊருக்கு, அம்மாவோடு ஒரு கப்பல் பயணம்!

“போடியில இருந்து கொச்சிக்குக் கப்பல்ல போனீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் ராசிங்காபுரத்தில் இல்லை. சிரிக்கட்டும், நியாயம்தான். போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே ரோடு, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் என்று இறங்கி நேராகக் கொச்சியில்தான் போய் முடிகிறது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். நாங்களோ மதுரை போய், மும்பை போய், அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலில் சுற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம்.

காரணம் தம்பி. மும்பையில் வேலை பார்க்கிறான். பொங்கல் முடிந்ததும் போன் செய்து, “அக்கா, அம்மாவைக் கூட்டிட்டு வா. கப்பல் டிக்கெட் போட்டாச்சு. மும்பை, கொச்சி, லட்சத்தீவு, திரும்ப மும்பை” என்றான். ஊட்டி, கொடைக்கானல் என்றாலே “கால் வலிக்குதுடி, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லும் அம்மா எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தேன். லட்சத்தீவு என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். கொச்சி என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, “கொச்சியில எங்க? மட்டாஞ்சேரி போகுமா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்து அம்மா அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பல வருஷமாகிவிட்டது.

அப்பா லாரி டிரைவர். போடியிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி குடோன்களில் இறக்கிவிட்டு வருவார். திரும்பி வரும்போது கருவாடு, நேந்திரங்காய் சிப்ஸ், எப்போதாவது கோழிக்கோட்டு அல்வா. “குடோனுக்குப் பின்வாசல் கதவைத் திறந்தா தண்ணி. படியில கால வச்சா படகு. ஒரு நாளைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போறேன்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். லாரியில் பெண்களை ஏற்ற முதலாளி விடமாட்டார். பஸ்ஸில் போகக் காசு சேரும்போது ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கும். 2009-ல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

அம்மாவும் ஏலக்காயில் உழன்றவள்தான். கல்யாணத்துக்கு முன்பே விடிகாலை ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. அடியில் தரையோடு படரும் சரத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் அட்டைக்கடிக்கு நடுவே முற்றின காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இன்றைய மூட்டு வலி அங்கே ஆரம்பித்ததுதான். நாங்கள் பிறந்த பிறகு மலைக்குப் போவதை விட்டு, போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனுக்குப் போனாள். முப்பது வருஷம் முறத்தையும் சல்லடையையும் வைத்துக்கொண்டு காய் பொறுக்கினாள். கூலி கிலோ கணக்கு. ஒரு காயை விரலில் உருட்டியே அது எட்டு எம்எம்மா ஏழு எம்எம்மா என்று சொல்லிவிடுவாள். அவள் பொறுக்கிய காயைத்தான் பல தடவை அப்பா ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். காய் போய்ச் சேர்ந்த இடத்தை அவள் மட்டும் பார்த்ததில்லை.

கப்பல் வாழ்க்கை

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மாடி ஹோட்டல் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் கேட்கவில்லை, ஆதார் அட்டை போதுமானதாக இருந்தது. சாப்பாடு எந்நேரமும் கிடைக்கிறது. தம்பி மகள் ஐஸ்கிரீம் கவுன்ட்டரைக் கண்டுபிடித்த பிறகு எங்கள் கண்ணில் படவில்லை. அம்மா முதல் நாள் ராத்திரி தூங்கவே இல்லை. “கட்டிலு ஆடுது” என்று உட்கார்ந்தே இருந்தாள். அடுத்த நாள் முழுக்கக் கடல்தான். மேல்தளத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து, “இம்புட்டுத் தண்ணியும் உப்பா?” என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை கொச்சி. இதைப் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலிலிருந்து கப்பல் ஒரு குறுகலான வாய்க்குள் நுழைகிறது. இடது பக்கம் வைப்பின் தீவு, வலது பக்கம் போர்ட் கொச்சி. அந்த வலது கரையில் வரிசையாகச் சீன வலைகள். கழுகு இறக்கை விரித்த மாதிரி மரச்சட்டங்கள் தண்ணீருக்குள் இறங்குவதும், நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால் மறுபக்கம் கட்டியிருக்கும் பாறாங்கற்களின் கனத்தில் மேலே எழுவதுமாக இருந்தன. கப்பலிலிருந்து பார்த்தால் பொம்மை போலத் தெரிந்தன. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். “இதைத்தான் உங்கப்பா ஏத்தம் ஏத்தம்னு சொல்லுவாரு. நான் கிணத்து ஏத்தம்னு நெனச்சேன்” என்றாள்.

அந்தக் கடல் வாய்க்கே ஒரு கதை இருக்கிறது. பழங்காலத்தில் மிளகு வாங்க வந்த கப்பல்கள் கொச்சிக்கு வரவில்லை. கொஞ்சம் வடக்கே, பெரியாற்றின் முகத்துவாரத்திலிருந்த முசிறிக்குத்தான் வந்தன. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையை மண்மூடிவிட்டு, கொச்சியில் புது வாயைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரியாறு எங்கள் மலைத்தொடர்ச்சியிலிருந்து ஓடுகிற ஆறு. ஏலமலையில் பெய்த மழை போய் ஒரு துறைமுகத்தை மூடி இன்னொன்றைத் திறந்தது என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். தப்பில்லை.

அதற்குப் பிறகு வராதவர்கள் யார்? சீனர்கள், அரபிகள், யூதர்கள். 1500-ல் போர்ச்சுக்கீசியர்கள் வந்தார்கள்; 1503-ல் கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர்கள். எல்லோரும் வந்தது மிளகுக்கும் இஞ்சிக்கும் ஏலத்துக்கும்தான். நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியில் சும்மா கிடக்கிற சாமான்கள்!

எட்டு மணி நேரம்தான்

கப்பல் கரை தட்டியது காலை எட்டு மணிக்கு. எல்லோரும் நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், ஐந்துக்குக் கிளம்பிவிடும் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைத் தேய்க்க வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் டூர் பஸ்ஸில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஆட்டோ, டாக்ஸி பிடித்துப் போய்த் தாமதமானால் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். இது உலகம் முழுக்கக் கப்பல் பயணத்தில் உள்ள வழக்கம். முதல் தடவை போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எங்களுக்குள் முதல் உரசல் வந்தது. டூர் பஸ் திட்டத்தில் சர்ச், அரண்மனை, யூதர் தேவாலயம், ஒரு மணி நேரம் ஷாப்பிங், ஓட்டல் சாப்பாடு. தம்பி அதற்கே போகலாம் என்றான். அவனுக்குக் கப்பலைத் தவறவிடும் பயம். அம்மாவோ தன் சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். 1987-ல் அப்பா சரக்கு இறக்கியதற்கான டெலிவரி சீட்டு. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, கம்பெனி பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. ‘பஜார் ரோடு, மட்டாஞ்சேரி, கொச்சி-2’ என்பதும் மூட்டை எண்ணிக்கையும் மட்டும்தான் படிக்க முடிந்தது.

“இதை வச்சிக்கிட்டு எங்கம்மா தேடுறது?” என்றான் தம்பி. அம்மா பதில் சொல்லவில்லை. காகிதத்தை மறுபடியும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவிதான், “ஏங்க, பஸ்ஸுக்கு ஆகுற காசுல டாக்ஸி எடுத்தா எல்லாரும் போகலாம்” என்று முடித்துவைத்தாள். கெட்டிக்காரி.

கப்பல் நின்ற வில்லிங்டன் தீவே மனிதன் உண்டாக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-ல் இங்கே வந்து, முகத்துவாரத்தைத் தூர்த்திருந்த மணலை வாரி ஆழப்படுத்தி, வாரிய மண்ணையே கொட்டி எழுப்பிய தீவு இது. அதற்கு முன்பு பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நிற்க, படகுகள்தான் சரக்கைக் கொண்டு போய்ச் சேர்க்கும். தோப்பும்படி பாலம் வழியாக டாக்ஸி போர்ட் கொச்சிக்குள் நுழைந்தது. மழைமரங்கள் ரோட்டுக்குப் பந்தல் போட்ட மாதிரி நிற்கின்றன. ஓட்டுக் கூரை, மரச் சன்னல், சுண்ணாம்புச் சுவர். சினிமாவில் பார்த்த இடமாகவே இருக்கிறது.

செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில் பத்து நிமிஷம்தான் இருந்தோம். 1503-ல் மரத்தில் கட்டி, பிறகு கல்லில் எடுத்துக் கட்டியது. இந்தியாவில் ஐரோப்பியர்கள் கட்டிய மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24-ம் தேதி கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். 1539-ல் எலும்புகளை எடுத்து லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. தம்பி மகளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த ஆள் என்பதால் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுகளுக்கு மேலே துணி பங்காக்கள் தொங்குகின்றன. அந்தக் காலத்தில் வெளியே நின்று கயிற்றை இழுத்தால் உள்ளே காற்று வரும். “வெளிய நின்னு இழுத்தவனுக்கு யாரு விசிறுனது?” என்று கேட்டாள். வழிகாட்டி யாரும் பக்கத்தில் இல்லை.

கொச்சியில் ஒரு தமிழ்த் தெரு

அம்மா தமிழில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்த டாக்ஸிக்காரர், திட்டத்தில் இல்லாத ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினார். தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் இங்கே துவைக்கிறார்கள். ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு கல். துணிகளைக் காயப்போட கிளிப் கிடையாது; இரட்டைக் கயிற்றின் முறுக்குக்குள் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். என்ன காற்றடித்தாலும் விழுவதில்லை. வெள்ளை வேட்டிகளும் ஓட்டல் போர்வைகளும் வரிசையாகப் பறந்தன.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, “எந்த ஊரு?” என்றார் தமிழில். மலையாள வாடை அடிக்கிற தமிழ். “தேனிப் பக்கம், போடி” என்றாள் அம்மா. “ஏலக்கா போடியா?” என்று கேட்டார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் மூட்டு வலித் தைலம், பேரப்பிள்ளைகள் படிப்பு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சீட்டைக் காட்டினோம். “பஜார் ரோட்டுல பழைய லோடு ஆளுங்க டீக்கடைப் பக்கம் இருப்பாங்க, நீலச் சட்டை. அவங்களைக் கேளுங்க” என்றார். முந்நூறு வருஷம் கழித்தும் தமிழ் பேசுகிற ஒரு தெரு கொச்சிக்குள் இருப்பது எந்த டூர் பஸ் பட்டியலிலும் இல்லை. எட்டிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். தம்பி குடும்பம் அரண்மனைக்கும் யூதர் தேவாலயத்துக்கும். நானும் அம்மாவும் பஜார் ரோட்டுக்கு. அரண்மனையையும் தேவாலயத்தையும் நான் பார்க்கவில்லை. தம்பி மனைவி எடுத்த போட்டோக்களில்தான் பார்த்தேன். போர்ச்சுக்கீசியர்கள் 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய கட்டடம் அது. சுவரெல்லாம் ராமாயண ஓவியம். பக்கத்திலேயே 1568-ல் கட்டிய பரதேசி யூதர் தேவாலயம். தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைக் கையால் வரைந்திருக்கிறார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காதாம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அன்று போய் ஏமாறாதீர்கள். அந்தத் தெருவில் நூற்றாண்டுகள் வாழ்ந்த பரதேசி யூதர்கள் 1948-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே கடைசியாக இருந்த பெண்மணி குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்ட்டில் காலமானார். தேவாலயம் இருக்கிறது, தெரு இருக்கிறது, அந்தத் தெருவின் ஆட்கள்தான் அநேகமாக இல்லை.

பின்வாசலில் தண்ணீர்

பஜார் ரோடு குறுகலானது. இரண்டு பக்கமும் கனமான மரக்கதவு போட்ட குடோன்கள். ஒரு குடோனைத் தாண்டும்போது சுக்கு வாசனை. அடுத்ததில் அரிசி. அடுத்தது பூட்டிக் கிடக்கிறது, ஓட்டில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதற்கடுத்தது ஓவியக்கூடம். 2012-ல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைத்திருவிழா ஆரம்பித்த பிறகு பழைய கிடங்குகள் பலவும் கஃபேயாகவும் கலைக்கூடமாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. சரக்கு வியாபாரம் இங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே போய்விட்டது. கன்டெய்னர் லாரி இந்தத் தெருவில் திரும்பவே திரும்பாது. எதிர்க்கரையில் 2011-ல் வந்த வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் ராட்சத கிரேன்கள் இங்கிருந்தே தெரிகின்றன.

டீக்கடையில் நீலச் சட்டைக்காரர்கள் இருந்தார்கள். மூத்தவர் ஒருவர் சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் புரிந்தது. “பேரு போயி. ஆனா ஏலக்கா எறக்குனது ஆ வரிசைதான், நாலஞ்சு குடோனு” என்று கை காட்டினார். போடி லாரி டிரைவர்கள் நிறைய பேரைத் தெரியும் என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னோம். யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். பொய்யாக “ஆமா, தெரியும்” என்று சொல்லியிருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அம்மா அப்படி நினைக்கவில்லை. “உள்ளதைச் சொல்றாரு” என்றாள்.

அவர்தான் இன்னொன்றையும் சொன்னார். இந்தத் துறையில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. வேலை தேடிக் கூடி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக் கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். அடித்துப் பிடித்து யார் பொறுக்குகிறார்களோ அவர்களுக்குத்தான் அன்றைக்குக் கூலி. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ம் தேதி போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள். 2023-ல் வந்த ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் இந்தக் கதைதான். அம்மா கவனமாகக் கேட்டாள். “எங்க ஊர்ல வில்லை வீச மாட்டாங்க. ஜீப்புல எடம் இருக்குற வரைக்கும் ஏத்துவாங்க. மிச்சம் பேரு வீட்டுக்குத் திரும்பிப் போகணும். கைப்பிள்ளைக்காரின்னா ஏத்தவே மாட்டாங்க” என்றாள் அவரிடம். இதை எங்களிடம் அவள் சொன்னதே இல்லை.

அந்த வரிசையில் மூன்று குடோன்கள் பூட்டியிருந்தன. ஒன்று மட்டும் கஃபேயாக இருந்தது. உள்ளே போனோம். உயரமான மரக்கூரை, சுவரில் படங்கள், மூங்கில் விளக்கு. மேஜைகளைத் தாண்டிக் கடைசியில் ஒரு கதவு திறந்திருந்தது. அம்மா நேராக அங்கே போனாள். கதவுக்கு வெளியே காயல். பாசி பிடித்த கல் படிகள் நாலு தண்ணீருக்குள் இறங்கின. ஒரு மீன்பிடி வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

அப்பா நின்ற படி அதுதானா? தெரியாது. பூட்டிய மூன்றில் ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பின்வாசல் தண்ணீரில்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் இறங்கிக் காலை நனைத்தாள். பணியாளர் பையன் பதறிப்போய் வந்து, “அம்மா, வழுக்கும்” என்றான். “வழுக்கட்டும், பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்” என்றாள்.

சும்மா உட்கார்ந்து எழுந்து வர முடியாதே என்று ஏலக்காய் டீ சொன்னோம். 120 ரூபாய். பில்லைப் பார்த்ததும் அம்மா டீக்குள் கிடந்த காயை எடுத்து வாயில் போட்டு மென்று, “காயி நல்ல காயி. ஆனா ஒண்ணுதான் போட்டிருக்கான்” என்றாள்.

ஒரு காயின் விலை

டீயை விடக் கூத்து, யூதர் தெரு மசாலாக் கடையில் நடந்தது. தம்பி குடும்பம் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தது. பிளாஸ்டிக் தட்டுகளில் கிராம்பு, ஜாதிபத்திரி, நட்சத்திர மொக்கு, பச்சைப் பசேலென்று ஏலக்காய். நூறு கிராம் 480 ரூபாய் என்று எழுதியிருந்தது. ‘எட்டு எம்எம், முதல் தரம்’ என்றார் கடைக்காரர். அம்மா நாலைந்து காயை உள்ளங்கையில் போட்டு உருட்டினாள். ஒன்றை நாக்கில் ஈரம் பண்ணிப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். பச்சை ஒட்டவில்லை. “சாயம் இல்ல. ஆனா இதுல ஏழும் கலந்திருக்கு. இந்த ரெண்டும் வெடிச்ச காயி” என்று தனியாக எடுத்து வைத்தாள்.

கடைக்காரர் அசந்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, “எங்க சரக்கே அங்கேயிருந்துதான் வருது சேச்சி” என்றார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஏலக்காயைப் பற்றிப் பேச்சு ஓடியது. இன்றைக்கு ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில்தான். போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மையங்களில் மாற்றி மாற்றி நடக்கிறது. அந்த வாரியத்தின் தலைமை அலுவலகம் இதே கொச்சியில் இருக்கிறது. 2018 பெருவெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து வரத்து குறைந்ததும், 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை அவரும் நினைவில் வைத்திருந்தார். ஏலக்காய் நம் நாட்டுச் செடி என்றாலும், உலகச் சந்தையில் பெரிய போட்டியாளர் கவுதமாலா. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்டது அங்கே காடாகிவிட்டது. அரபு நாடுகளில் காபியில் போடுவதற்கு இரண்டு நாடுகளிலிருந்தும் போகிறது.

பேச்சுக்கு நடுவே அம்மா மனக்கணக்குப் போட்டிருக்கிறாள். “கிலோ நாலாயிரத்தி எண்ணூறு. ஒரு நாள் பூராப் பொறுக்கினா எனக்கு இந்தத் தட்டுல ஒரு கைப்பிடி வாங்குற காசு வந்திருக்காது” என்றாள், யாரையும் குறை சொல்லாத குரலில். பச்சைக்காய் ஐந்து கிலோவை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். விறகு, உரம், மருந்து, ஆள் கூலி என்று தோட்டக்காரர் பாடும் லேசானதல்ல என்பது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கைப்பிடிக் கணக்கை என்னால் மறக்க முடியவில்லை. கடைக்காரர் ஐம்பது கிராம் பொட்டலம் கட்டி, காசு வேண்டாம் என்றார். அம்மா காசு கொடுத்துவிட்டுத்தான் வாங்கினாள்.

மணி மூன்று பத்து. தோப்பும்படி பாலத்தருகே வண்டிகள் நகரவே இல்லை. தம்பி முகம் வெளுத்துவிட்டது. “அப்பவே சொன்னேன் பஸ்ல போகலாம்னு” என்று ஆரம்பித்தான். தம்பி மனைவி அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். டாக்ஸிக்காரர் ஏதோ சந்துக்குள் விட்டு, ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி, பாலத்தை நேராகப் பிடித்தார். துறைமுக வாசலில் இறங்கும்போது மூன்று ஐம்பத்து மூன்று. அம்மாவால் ஓட முடியாது. சக்கர நாற்காலி கேட்டால் இருக்கும் ஒன்றும் வேறு யாருக்கோ போயிருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் குனிந்தான். அம்மாவை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு போனான். நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அட்டையைத் தேய்த்தோம்.

இப்படிக் கப்பல் பயணிகள் இறங்கி ஓடுகிற பழைய துறைமுக ஊர்கள் ஐரோப்பாவில் நிறைய. அங்கே இப்போது கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறுகிறார்கள். வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்ட்டிலிருந்து பெரிய கப்பல்களை நகரின் நடுவே வரக்கூடாது என்று தடுத்துவிட்டது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல், நாலாயிரம் பயணிகள் என்று வரம்பு போட்டது. நம் பக்கம் நிலைமை தலைகீழ். சூடாமணி விகாரம் இருந்த நாகப்பட்டினம், மார்க்கோ போலோ பார்த்ததாகச் சொல்லப்படும் காயல்பட்டினம், 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டுக் கரையில் வரிசையாக ஊர்கள் இருந்தும், மும்பையில் கிளம்பிய எங்கள் கப்பலின் வரைபடத்தில் அவை புள்ளியாகக்கூட இல்லை. அங்கெல்லாம் நாம் பஸ்ஸில்தான் போக வேண்டும். போனால் நாலு மணிக்குத் திரும்ப வேண்டிய கவலையும் இல்லை!

சாயங்காலம் கப்பல் அதே வாய் வழியாக வெளியேறியது. இந்தத் தடவை சீன வலைகள் இடது பக்கம். சூரியன் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும். அம்மா ஓரமாக உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்து, ஏழு எம்எம் காய்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழக்கம்.

லட்சத்தீவு அழகாகத்தான் இருந்தது. தம்பி மகள் கேட்டால் நிறையச் சொல்வாள்.

ஊர் திரும்பிய நாலாம் நாள், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள். “அந்தப் பூட்டிக் கெடந்த மூணு குடோனும் எப்பத் தொறப்பாங்கன்னு அந்த நீலச்சட்டைக்காரரைக் கேக்காம வந்துட்டோமே. போடியில இருந்து மூணாறு வழியா எர்ணாகுளத்துக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குடி?”

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.